பந்து போகும் வழி

நான் போய்ச் சேர்வதற்குள் மண் அள்ளும் இயந்திரம் வந்து நின்றுவிட்டது. லாரி வேறு மைதானத்தின் ஓரத்தில் மண்ணைக் கொட்டி மலையாகக் குவித்துவிட்டு நின்றது. கூடிப் பேசிவிட்டுத்தான் முடிவு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே வந்து பார்த்தால் முடிவை எடுத்து முடித்துவிட்டு, பேச்சுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதிலும் கூப்பிட்டது யார்? என் கூடப் பிறந்த அக்கா.

நகர அலுவலகத்தில் பூங்காக்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே கிடந்த இந்தத் தாழ்வான நிலத்துக்கும் நான்தான் வரைபடம் போட்டேன். மேல்பாதி பிள்ளைகள் ஓடியாட மைதானம். கீழ்ப்பாதி, ஏற்கனவே அங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற நாணல். அதில் கை வைக்கவில்லை. நீர்க்கோழி குஞ்சு பொரிக்கிற இடம் அது, மழைத் தண்ணீர் போய்த் தங்குகிற இடமும் அதுதான். அதற்கு முன்பெல்லாம் ஒரு நல்ல மழை பெய்தால் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். அக்காவின் வீடு தரைத்தளம். அவள் அடுப்பங்கரையில் கணுக்கால் தண்ணீரில் நின்று சமைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளோ நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரைபடத்தில் வழி பண்ணிவிட்டேன் என்று அலுவலகத்தில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமில்லை.

மைதானத்தில் எந்த மூலையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது கடைசியில் நாணலுக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்காகத் தரையைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரித்திருந்தேன். தண்ணீர் நுழைகிற வாயில் ஒரு வண்டல் குழி. மண்ணெல்லாம் அதில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் உள்ளே போகும். அவ்வப்போது வண்டலை வாரி எடுக்க இயந்திரம் வேண்டுமே, அதற்காக அந்த இடத்தில் வேலியில் ஒரு அகலமான கதவு. மற்றபடி இடுப்பளவு வேலிதான். வேலியின் அடியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியே வைக்கச் சொன்னேன், தவளையும் ஆமையும் வந்து போக வேண்டும் என்று. தவளையை நினைத்த என் புத்திக்கு வேறொன்று எட்டவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திறந்த நாளிலிருந்தே புகார்தான். பந்து உள்ளே போய்விடுகிறது, பிள்ளைகள் பின்னாலேயே போகிறார்கள், ஒருவன் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வந்தான், ஒருத்தி தண்ணீர்ப் பாம்பைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளைகளை மெதுவாக உதைக்கச் சொல்லுங்கள் என்று நான் பதில் அனுப்பினேன். கடைசியில் குடியிருப்போர் சங்கம் கூடி, நாணலை மண் போட்டு மூடிவிடுவது என்று தீர்மானித்தது. சங்கம் சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அலுவலகமும் கையைக் கழுவிவிட்டது. சங்கத்தின் தலைவி என் அக்கா.

இயந்திரம் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி நின்று வெற்றுக் கையை ஆட்டி ஏதோ சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. அந்த இரைச்சலில் பேச முடியாமல் எல்லோரும் மேலே மரத்தடிக்கு வந்தோம். அக்காவின் மகளும் கூடவே வந்தாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். பெயருக்கு ஏற்றபடிதான் இருப்பாள். "அதோ அந்தப் பெஞ்சுல உக்காரு, அசையக்கூடாது" என்று அக்கா ஒரு அதட்டல் போட்டாள். வாலு போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசி என்னம்மா ஆகப் போகுது?" என்றார் இரண்டாவது மாடிக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். "மண்ணும் வந்தாச்சு, மிஷினும் வந்தாச்சு."

"சார், அந்த மண்ணை அங்க கொட்டினா தண்ணி எங்க போகும்? அதை மட்டும் சொல்லுங்க."

"அதுக்குத்தான் நீங்க படிச்சிருக்கீங்களே. குழாய் போடுங்க."

"குழாய் போட்டு எங்க விடறது? உங்க வீட்டு மாடிக்கா?"

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"வாயைக் குறைடி" என்றாள். "இவங்க பிள்ளைங்க சேத்துல போய் விழறதை நீ பாக்கல. நான் தினமும் பாக்கறேன். உன்னோட படம் உங்க ஆபீஸ்ல சுவர்ல தொங்குது. எங்களுக்கு இது வீட்டு வாசல்."

"மழை வந்தா முதல்ல உன் வீட்டுக்குள்ளதான்க்கா தண்ணி வரும்."

"வரட்டும். தண்ணியை வாரி ஊத்திடுவேன். பிள்ளைக்கு ஒண்ணு ஆனா எதை வாரி ஊத்தறது?"

பதிலுக்கு நான் குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். சின்ன வயதிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"வாலு எங்க?"

பெஞ்சில் யாரும் இல்லை. பெஞ்சு வேலியை ஒட்டிய மேற்கு மூலையில் இருந்தது. அடியில் செருப்பு மட்டும் கிடந்தது.

முதலில் யாரும் பதறவில்லை. ஊஞ்சலில் இருப்பாள் என்றார்கள், வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்றார்கள். ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வீடு பூட்டியே இருக்கிறது என்றார். ஊஞ்சலிலும் இல்லை. அக்கா பெஞ்சுக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நாணலைப் பார்த்துக் கூப்பிட்டாள். நாலைந்து பேர் வேலியைத் தாண்டிக் குதித்து அந்த மூலையில் நாணலை விலக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு எட்டு வைப்பதற்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டது. ஒரு அடி தள்ளி நிற்பவன் கண்ணுக்குத் தெரியாத அடர்த்தி. அவரவர் அவரவர் குரலில் கத்தினார்கள்.

"இப்படித் தேடினா விடிஞ்சிடும்" என்று கத்தினார் மைக். "மிஷினை உள்ள விடுங்கப்பா. நாணலை அப்படியே சாய்ச்சுக்கிட்டே போனா எங்க இருந்தாலும் தெரிஞ்சிடும்."

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். இயந்திரத்தின் மண் அள்ளும் முன்வாய் மேலே எழும்பியது.

நான் ஓடினேன். சரிவில் இறங்கி ஓடி, கதவுக்கு நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். முன்வாயிலிருந்து மண் என் தலையில் உதிர்ந்தது. ஓட்டுநர் நிறுத்திவிட்டார். கண்ணாடிக்குள் அவர் வாய் அசைந்தது தெரிந்தது, என்னை நல்ல வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நகருடி. என் பொண்ணு உள்ள இருக்கா. உனக்கு இந்தப் புல்லு அவளை விடப் பெருசாப் போச்சா?"

"அவ எங்க கிடக்கறான்னு தெரியாதுக்கா. மிஷின் அவ மேல ஏறினா?"

"நடிக்காத. உன்னை எனக்குத் தெரியும்."

இரைச்சலில் பாதிதான் கேட்டது, கேட்ட பாதியே போதும். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவருக்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. பெற்றவள் போ என்கிறாள், படம் போட்டவள் தடுக்கிறாள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அண்ணே, ஆஃப் பண்ணுங்க" என்று ஓட்டுநரிடம் கத்தினேன். காதில் கை வைத்தார். ஏறி ஜன்னலருகே போய் மறுபடி கத்தினேன்.

"ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாது மேடம். பேட்டரி செத்துக் கிடக்கு. காலைலேர்ந்து அணைக்காமத்தான் வச்சிருக்கேன்."

"ஆஃப் பண்ணாதப்பா" என்று கீழிருந்து மைக். இரைச்சலை மீறிக் கேட்கிற குரல் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. அவர் குரல் மட்டும்தான் கேட்கிறது. ஒரு சின்னப் பெண் உள்ளேயிருந்து கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி, பிடுங்கிக்கொண்டேன்.

இயந்திரம் ஒரு முறை குலுங்கிவிட்டு அடங்கியது. ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் வாயை மூடுங்க" என்றேன். "தயவுசெஞ்சு. கொஞ்ச நேரம்."

மூடினார்கள். மைக்கும் மூடினார். நாணல் உரசுகிற சத்தம் கேட்டது. உள்ளே எங்கேயோ நீர்க்கோழி ஒன்று கத்தி ஓய்ந்தது. வேறு ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஒருவேளை நான் செய்தது தப்போ, இதற்குள் இயந்திரம் பாதி தூரம் போயிருக்குமோ என்று கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

"அவ பெஞ்சுல இல்லையே ஆன்ட்டி" என்றாள் கூட்டத்தில் நின்ற ஒரு சிறுமி, அக்காவைப் பார்த்து. "குழாய்கிட்டதான் பந்து உருட்டிட்டு இருந்தா. செருப்பில்லாம."

குடிதண்ணீர்க் குழாய் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது, பெஞ்சுக்கு எதிர்ப்புறம். இத்தனை நேரமும் செருப்பு கிடந்த இடத்தை நம்பி மேற்கு மூலையைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிறுமியின் கையில் ஒரு பந்து இருந்தது. வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். தரையில் வைத்து விரலால் லேசாகத் தள்ளினேன்.

உதைக்கவே வேண்டியிருக்கவில்லை. பந்து முதலில் தயங்கியது, பிறகு தானாக நகர்ந்தது, பிறகு வேகம் பிடித்தது. ஊஞ்சலைத் தாண்டி வளைந்து, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து, கீழே கீழே போனது. நான் அதன் பின்னாலேயே ஓடினேன். தண்ணீருக்காக நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சரிவு. தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்தேனோ அதே வழியாகப் பந்து போனது. மெதுவாக உதைக்கச் சொல்லுங்கள் என்று பதில் எழுதிய மகாராணி நான்தான். என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

பந்து இயந்திரத்தின் சக்கரத்தை உரசிக்கொண்டு போய், கதவை ஒட்டி, வேலிக்கு அடியில் நான் தவளைக்கு விட்ட இடைவெளியில் நுழைந்து மறைந்தது.

அது வண்டல் குழிக்கு மேல். இருக்கிற சேற்றிலேயே ஆழமான சேறு அங்கேதான். இயந்திரம் உள்ளே போக இருந்த இடமும் அதேதான்.

"வாலு" என்று கூப்பிட்டேன். "சித்தி வந்திருக்கேன். இருக்கியாடி?"

"சித்தி." தொண்டை கட்டிப்போன ஒரு சின்னக் குரல், கைக்கெட்டும் தூரத்திலிருந்து. "நான் அசையல சித்தி. நீ சொன்னியே, சேத்துல மாட்டினா அசையக்கூடாதுன்னு. அசையவே இல்ல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுநர் வேலியைப் பிடித்துக்கொண்டு குழியையும் தன் இயந்திரத்தின் முன்வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேலிக்கதவைக் கீலிலிருந்து கழற்றச் சொன்னேன். அதை நாணலின் மேல் படுக்கப் போட்டு, நான் வயிற்றால் ஊர்ந்து போனேன். அக்கா என் பின்னாலேயே ஊர்ந்து வந்து என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள். நாணலை விலக்கினேன். வாலு இடுப்புக்கு மேல் சேற்றில் இருந்தாள். நெஞ்சோடு ஒரு பந்தை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ரொம்ப நேரமா கூப்பிட்டேன்" என்றாள். "மிஷின் சத்தத்துல எனக்கே கேக்கல. அப்புறம் கூப்பிடறதை விட்டுட்டேன்."

"பேசாத. கையை என் கழுத்துல போடு."

இழுத்தேன், வரவில்லை. சேறு விடவில்லை. குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரைக் கை மாற்றிக் கொடுத்தார்கள். அவள் காலைச் சுற்றி ஊற்றிக்கொண்டே கையால் சேற்றைத் தோண்டினேன். நகம் பெயர்ந்தது கூட அப்புறம்தான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஒரு கட்டத்தில் பொளக்கென்று விட்டது. பின்னாலிருந்து அக்கா என்னை இழுக்க, நான் வாலுவை இழுக்க, மூன்று பேரும் சேற்று மூட்டையாகக் கரையில் வந்து விழுந்தோம்.

அக்கா மகளை முதலில் ஒரு அறை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"எதுக்குடி போன? எதுக்குப் போன?"

"மண்ணைப் போட்டு மூடப் போறாங்கன்னு சொன்னீங்கல்ல" என்றாள் வாலு விக்கிக்கொண்டே. "மூடிட்டா பந்து போயிடும்ல."

அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

குழாயடியில் வாலுவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா தேய்த்தாள், நான் தண்ணீர் ஊற்றினேன். சற்றுத் தள்ளி மைக் தன் குரலை மீட்டுக்கொண்டு, "இதுக்கு மேலயும் யோசிக்கணுமா? இன்னிக்கே மூடிடுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"தப்பு நாணல் மேல இல்லக்கா" என்றேன். "சரிவு என்னுது. வேலியும் என்னுது. தண்ணி போறதை மட்டும்தான் யோசிச்சேன். பந்தும் அதே வழியிலதான் போகும்னு தோணவே இல்ல. வந்திருக்கற மண்ணை வேலி ஓரமா மேடு கட்டணும், கதவையும் அடைச்சிடணும், வண்டலை ஆள் வச்சு வாரிக்கலாம். நடுவுல நடுவுல கல்லு அடுக்கி விட்டா தண்ணி கசிஞ்சு போகும். பந்து போகாது. பந்து போகலைன்னா பிள்ளைங்க போக மாட்டாங்க."

அக்கா நிமிரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத. மிஷின் முன்னாடி ஓடினியே, யாருக்காக ஓடின?"

சொல்வதற்குச் சுலபமான பதில் ஒன்று இருந்தது. அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான் என்று நினைத்தேன், எனக்கு வேண்டியதும் அதுதான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்வாய் மேல எழும்பினப்ப எனக்கு நாணல்தான் கண்ணுல பட்டுச்சு" என்றேன். "காலு அதுக்காகத்தான் கிளம்புச்சு. நாலு எட்டு வச்சப்புறம்தான் இவ ஞாபகம் வந்துச்சு. அங்க வந்து நின்னது இவளுக்காக. ஆனா கிளம்பினது நாணலுக்காகக்கா."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிமேல் இவள் வீட்டுப் படி ஏற முடியாது என்றே நினைத்தேன்.

"தெரியும்" என்றாள் அக்கா. "உன் மூஞ்சியைப் பாத்தேனே." மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "இல்லைன்னு சொல்லியிருந்தா, மேடு கிடுன்னு நீ சொன்னது ஒண்ணையும் நம்பியிருக்க மாட்டேன். தண்ணியை ஊத்து."

ஊற்றினேன்.

அவள் எழுந்து போய் எல்லோர் முன்னாலும், மண் நாணலுக்குள் போகாது, வேலி ஓரத்தில் மேடாகத்தான் போகும் என்றாள். மைக் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் வாயை மூடியது அது இரண்டாவது தடவை. லாரி பேட்டரியிலிருந்து கம்பி போட்டு இயந்திரத்தை உயிர்ப்பிக்க ஓட்டுநர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் சாவியைக் கொடுத்தபோது அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெயில் தாழ்வதற்குள் மேடு ஏறிவிட்டது. முழங்காலுக்கு மேல் உயரம், கதவு இருந்த இடத்துக்கும் சேர்த்து. இடையிடையே கல் அடுக்கிய வாய்கள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வாலு சுத்தமான சட்டையில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளிடமிருந்து அக்கா பந்தை வாங்கி, குழாயடியில் தரையில் வைத்து, காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

பந்து அதே வளைவில் இறங்கிப் போய், மேட்டில் முட்டி, கொஞ்சம் பின்னால் உருண்டு நின்றது.

அக்கா இறங்கிப் போய் அதை எடுத்து வந்தாள். வேறொரு இடத்திலிருந்து விட்டாள். அதுவும் நின்றது. இன்னொரு இடம். ஒவ்வொரு தடவையும் அவளே போய் எடுத்து வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்கியபோது என் முன்னால் வந்து நின்று பந்தை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"இனி நீ உருட்டு" என்றாள். "ஒரு மூலை விடாத. நாளைக்கு இவ இங்கதான் விளையாடப் போறா."